ஹந்தானை: கண்டிக்கு மேலே ஒரு மலையும் அதன் கான்களும்

கண்டி நகரத்தின் தெற்கையும் தென்மேற்கையும் அடைத்து நிற்பது ஹந்தானை மலைத்தொடர். தேசிய வைத்தியசாலையின் ஓரமாக ஏறத் தொடங்கும் ஹந்தானை வீதியில் நாலு கிலோமீற்றர் அளவில் போனால் பழைய தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, ஒன்று வரும். இன்று அது இலங்கைத் தேயிலை நூதனசாலை. அந்த நாலு கிலோமீற்றருக்குள் எத்தனையோ ஊர்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடியில் ஆஸ்பத்திரியை நம்பிய மருந்துக்கடைகள், சாப்பாட்டுக்கடைகள், தாதிமாரும் மருத்துவ மாணவர்களும் தங்கும் வாடகை அறைகள். அதற்கு மேல் அரசாங்க வீடமைப்புத் திட்டம், அதைச் சுற்றி முளைத்த மாடிவீடுகள், வெளிநாட்டாரை எதிர்பார்த்துக் கட்டிய விடுதிகள். பிறகு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களும் தேயிலை மலையும். அதற்கும் மேலே பைன் மரங்கள், மானாப்புல், மூடுபனி. மலையின் மறுபக்கச் சரிவில் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடக்கிறது.

இப்படிப்பட்ட புறநகரை விளங்கிக்கொள்ள, யார் எந்த ஆண்டில் வந்தார்கள் என்ற பட்டியல் மட்டும் போதாது. மழைத்தண்ணீர் எங்கே விழுந்து எந்த வழியால் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலத்தவரும் இந்தச் சரிவில் தண்ணீருக்கு ஒரு வழி, அதாவது ஒரு கான், வெட்டினார்கள், அல்லது தமக்கு முந்தியவர்கள் வெட்டிய வழியை அடைத்தார்கள். இன்று யாருடைய வீட்டுச் சுவர் வெடிக்கிறது, யாருடைய முற்றத்தில் சேறு இறங்குகிறது என்பதெல்லாம் அந்த வரலாற்றின் தொடர்ச்சி.

இராசதானிக் காலத்தில் கண்டி பள்ளத்திலேதான் இருந்தது. சுற்றியிருந்த மலையும் காடும் கோட்டைச் சுவருக்குப் பதிலாக நின்றன. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 முதல் 1812 வரையான ஆண்டுகளில் வயல்களை மறித்து வாவியைக் கட்டுவித்தான். வாவியில் மிகுந்த தண்ணீர் மெத எல என்ற கால்வாயாக நகரத்துக்குள்ளே ஓடி, ஹந்தானையின் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு சுதுஹும்பொல பக்கமாகப் போய், கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. ஹந்தானையின் வடக்குச் சரிவில் விழும் மழையும் கடைசியில் இந்த எலவுக்குத்தான் வருகிறது. ஆகவே மலையில் நடப்பது எதுவானாலும் அது நகரத்துக்குள் வந்து சேர ஒரு பெருமழை போதும்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. பத்து ஆண்டுகளுக்குள் கோப்பி வந்துவிட்டது. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சிங்ஹாபிட்டியவில் பயிரிட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், பேராதனைக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையில் தன் சொந்தத் தோட்டத்தைத் திறந்தார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும், காடெரித்துப் பயிரிடும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கருத வழி செய்தது. அதன் பின் கண்டியைச் சுற்றிய மலைகள் ஏக்கர் கணக்கில் விலைபோயின. கோப்பிக்காகக் காட்டை வெட்டி எரித்தார்கள். செடிகளுக்கு இடையில் ஒரு புல்லும் இல்லாமல் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று நம்பினார்கள். மழைக்கு மறைப்பில்லாத மண் வருடா வருடம் இறங்கியது. காடு பல நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த மேல்மண்ணை மலை இழக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். பிறகு வந்த தேயிலை, மிஞ்சிய மண்ணில் நடப்பட்டது.

கோப்பி வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து மாத்தளை வந்து மலையேறியவர்கள். பெரும்பாலானோர் பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, முடிந்ததும் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஒழிந்து தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை ஹேவாஹெட்டைப் பக்கத்தில், ஹந்தானையிலிருந்து அதிக தூரமில்லை. தேயிலைக்குப் பருவகால ஆட்கள் போதாது. கொழுந்து வாராவாரம் வளரும், வருடம் முழுக்கப் பறிக்க வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாகக் குடியிருத்த வேண்டி வந்தது, லயம் நிரந்தரமானது. ஹந்தானையில் ஒரு தமிழ் ஊர் உருவானதற்குக் காரணம் இந்தச் செடியின் இயல்பு.

தேயிலைத் தோட்டத்தைப் பச்சைக் கம்பளமாகப் படம் பிடிப்பவர்கள் அதற்குள் ஓடும் கான்களைக் கவனிப்பதில்லை. ஒழுங்காக நடத்தப்பட்ட தோட்டம் என்பது தண்ணீரை மெதுவாக இறக்கும் ஏற்பாடு. சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து, ஏறத்தாழ 120 அடிக்கு ஓரடி சாய்வில் பக்கக் கான்கள் வெட்டுவார்கள். ஆழம் ஒன்றரை அடி அளவில் இருக்கும். சாய்வு கூடினால் தண்ணீர் வேகமெடுத்துக் கானின் அடியையே அறுக்கும். குறைந்தால் மண் தங்கி அடைத்துவிடும். கானுக்குள்ளே இடையிடையே வெட்டாமல் விடும் மண்கட்டை, வண்டலைத் தன் பின்னால் பிடித்துவைத்துத் தெளிந்த தண்ணீரை மட்டும் மேலால் வழியவிடும். இந்தப் பக்கக் கான்கள் எல்லாம் இயற்கையான பள்ளத்தில் இறங்கும் பெரிய கானில் சேரும். பெரிய கானின் அடியில் கல் பதித்து, படிபடியாக விழச் செய்து, தண்ணீரின் வேகத்தை உடைப்பார்கள். கான் வெட்டும் வேலை ஆண்களுடையது. மழைக்கு முன்னே துப்புரவாக்கி, வாரிய மண்ணைக் கானின் மேற்பக்கத் தேயிலைத் தூருக்குப் போடுவது முறை. கீழ்ப்பக்கம் போட்டால் அடுத்த மழையில் கரைந்து கீழ்க்கானை நிரப்பும். ஒரே ஒரு இடத்தில் கான் அடைபட்டாலும் சேர்ந்த தண்ணீர் அந்த இடத்தில் உடைத்துக்கொண்டு நேர்கீழாகப் பாயும். அடுத்த கான் அதைத் தாங்காது. இப்படி ஒரு மழைக்குள் பத்துக் கான்கள் வரிசையாக உடைந்து, மலையில் ஆள் உயரப் பள்ளம் விழுவதுண்டு.

லயங்களைக் கட்டிய இடத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. துரையின் பங்களா மலையின் முதுகில், காற்றும் பார்வையும் கிடைக்கும் இடத்தில் இருக்கும். லயங்களைப் பெரும்பாலும் பீலித் தண்ணீர் கிட்டும் பள்ளப் பக்கத்தில், தேயிலைக்கு உதவாத துண்டில் போட்டார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா எனும் அறை, முன்னால் இஸ்தோப்பு எனும் திண்ணை, தகரக் கூரை. தண்ணீர் கிட்ட இருந்தது அன்று வசதி. அதே பள்ளம்தான் மலைச்சரிவின் தளர்ந்த மண்ணும் கற்பாறைகளும் வந்து தங்கும் இடம், பெருமழையில் நிலத்தடி நீர் பொங்கும் இடமும்கூட. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு மூடிய லயங்களை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஹந்தானை லயங்களைப் பார்க்கும்போதும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஸ்டோரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1925இல் கட்டிய நாலுமாடிக் கட்டடம் அது. மேல்தளங்களில் ஏன் அத்தனை யன்னல்கள் என்றால், கொழுந்தைப் பரப்பி வாடவைக்க மலைக்காற்று வேண்டும். வாடிய கொழுந்து கீழே இறங்க இறங்க அரைபட்டு, புளித்து, காய்ந்து தேயிலையாகும். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. இயங்காமல் பல ஆண்டுகள் கிடந்த இந்த ஸ்டோரைத் திருத்தி 2001 டிசம்பரில் நூதனசாலையாகத் திறந்தார்கள். உள்ளே பழைய இயந்திரங்களும் டெய்லரின் பொருள்களும் இருக்கின்றன. துரைமாரின் வரலாறு அங்கே நன்றாகப் பேணப்படுகிறது. கொழுந்து பறித்தவர்களின் வாழ்வைப் பார்க்க விரும்புபவர்கள் கம்பளைக்கு அருகே பழைய லயத்தில் அமைந்த தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்குப் போக வேண்டும். இரண்டையும் பார்த்தால்தான் ஒரு தேயிலைத் தோட்டம் முழுமையாகத் தெரியும்.

ஸ்டோர் ஏன் நின்றது? ஹந்தானை, 2,000 அடிக்கும் 4,000 அடிக்கும் இடைப்பட்ட இடைநாட்டுத் தேயிலை. நுவரெலியாத் தேயிலையின் மணத்துக்குக் கிடைக்கும் விலை இதற்கில்லை. தாழ்நாட்டுத் தேயிலையின் விளைச்சலும் இல்லை. தூர்கள் கிழடு, மண் கோப்பிக் காலத்திலேயே மெலிந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது, இலாபம் தராத இடைநாட்டுத் தோட்டங்கள் பல அரச நிறுவனங்களிடமே தங்கின. ஹந்தானை, ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையோடு நின்றது. அரச நிறுவனங்களிடம் தங்கிய இத்தோட்டங்களில் சேமலாப நிதிப் பாக்கி பாராளுமன்றம் வரை போன நீண்ட பிரச்சினை. சம்பளமே தட்டுப்பாடாகும் தோட்டத்தில் முதலில் நிற்கும் வேலை எது? கான் வெட்டு. கொழுந்து பறிக்காவிட்டால் அந்த வாரமே தெரியும். கான் வெட்டாவிட்டால் தெரிய ஐந்து, பத்து ஆண்டுகள் எடுக்கும்.

ஆட்களும் குறைந்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணன் குடும்பம் கப்பலேற, தம்பி குடும்பம் நின்றது. நின்றவர்களில் கடைசியாக நாடற்றிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் குடியுரிமை முழுமையாகக் கிடைத்தது. கண்டிக்கு இத்தனை பக்கத்தில் இருந்ததால் ஹந்தானையின் இளைய தலைமுறைக்கு வேறு வழியும் திறந்தது. ஆஸ்பத்திரிச் சிற்றூழியம், கடைவேலை, கட்டட வேலை, ஆட்டோ. லயத்தில் குடியிருந்துகொண்டே நகரத்தில் சம்பாதிக்கும் குடும்பங்கள் இன்று வழமை. தோட்டக் கணக்கில் அவர்கள் குடியிருப்பாளர்கள், நகரத்தின் கணக்கில் வேலையாட்கள், காணிக் கணக்கில் யாருமில்லை.

மலையின் பேராதனைப் பக்கம் இதற்கு நேர்மாறான பாதையில் போனது. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்துக்காக நியூ பேராதனைத் தோட்டக் காணி எடுக்கப்பட்டது. ஐவர் ஜெனிங்ஸ் உபவேந்தராக இருந்த காலத்தில் பட்றிக் அபர்குரொம்பி வகுத்த திட்டப்படி, 1952இல் பல்கலைக்கழகம் அங்கே குடிபெயர்ந்தது. கட்டடங்களை மகாவலியோரச் சமதரையிலும் கீழ்ச்சரிவிலும் வைத்து, மேலே மரத்துக்கு விட்டார்கள். ஓடைகளை மூடாமல் ஓடவிட்டார்கள். மலைச்சரிவில் எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்குக் கண்டியில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரே உரிமையாளர், பெரிய காணி என்ற வசதி அவர்களுக்கு இருந்தது உண்மை. ஆனால் ஓடையின் மேல் கொங்கிரீட் போடாமல் இருக்கப் பெரிய காணி தேவையில்லை.

நகரப் பக்கத்தில் காணி பேர்ச் கணக்கில் விற்கப்பட்டது. ஒரு பேர்ச் 25 சதுர மீற்றருக்குச் சற்று மேல். பத்துப் பேர்ச் சரிவில் மாடிவீடு கட்டுபவர் என்ன செய்கிறார்? மேற்பக்க மலையை நேர்குத்தாக வெட்டுகிறார். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி முற்றத்தை அகலமாக்குகிறார். வீட்டின் பின்பாதி கெட்டி நிலத்திலும் முன்பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. கொட்டிய மண் ஈரத்தில் அமரும், கெட்டி நிலம் அமராது. நடுவில் தரை குறுக்காக வெடிப்பது இதனால்தான். பழைய பக்கக் கான் ஒன்று அந்தக் காணிக்குள் ஓடியிருந்தால், அது மண்ணுக்குள் புதைந்து போயிருக்கும். வரைபடத்தில் அது இல்லை. ஆனால் மேலேயிருந்து வரும் தண்ணீருக்கு வேறு வழியும் இல்லை, அது அத்திவாரத்துக்கு அடியில் வந்து நிற்கும்.

கூரைத்தண்ணீரையும் கணக்குப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 9,300 லீற்றர். காடாகவோ தேயிலையாகவோ இருந்தபோது இதில் பெரும்பகுதி இலையிலும் மண்ணிலும் தங்கி மெல்ல இறங்கியது. இப்போது பீலியிலிருந்து ஒரே இடத்தில் கொட்டுகிறது. ஐம்பது வீடுகள் அப்படிக் கொட்டினால் ஒரு நாளில் 4,65,000 லீற்றர். தோட்டக் காலத்துப் பெரிய கான் இந்த வேகத்துக்கு வெட்டப்பட்டதல்ல. கழிவுநீர்க் குழிகள் இதைவிட மறைவான தொல்லை. மேல்வீட்டுக் குழியில் ஊறும் தண்ணீர் கீழ்வீட்டின் மண்தாங்கு சுவருக்குப் பின்னால் வந்து சேரும். மழையில்லாத மாதத்திலும் அந்த மண் ஈரமாகவே இருக்கும். பெருமழை வரும்போது ஏற்கெனவே நிறைந்த மண்ணில் இன்னும் தண்ணீர் ஏறும். மலையைப் பிடித்து வைத்திருப்பது மண்துகள்களுக்கு இடையிலுள்ள உராய்வு. இடைவெளிகளில் நீரின் அழுத்தம் ஏறினால் அந்தப் பிடி விடுகிறது.

மண்தாங்கு சுவர்கள் விழுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். சுவரின் கனம் போதாமல் விழுவது ஒன்றிரண்டு, பின்னால் தேங்கிய தண்ணீர் தள்ளி விழுவது பல. நல்ல சுவருக்குப் பின்னால் ஓரடியாவது சல்லிக்கல் நிரப்ப வேண்டும். மண் வந்து சல்லியை அடைக்காதபடி வடிதுணி போட வேண்டும். மூன்று அங்குலக் குழாய்களை நாலைந்தடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். சுவரின் தலைக்கு மேலே ஒரு கான் வெட்டி, மேல்தண்ணீர் பின்னுக்குப் போகாமல் திருப்ப வேண்டும். மழை நாளில் அந்தக் குழாய்களில் ஒரு சொட்டும் வராவிட்டால் மகிழக்கூடாது. அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்க வேண்டும்.

கண்டி மாவட்டத்தில் இப்போது வீடு கட்ட முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டைப் பெற வேண்டும். காணி எல்லைக்கேற்ப மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ திட்டத்தைக் கொடுக்கும்போது அது கேட்கப்படும். அறிக்கையில் நிபந்தனைகள் இருக்கும்: எவ்வளவு உயரம் வெட்டலாம், எத்தனை மாடி, தண்ணீர் எங்கே விட வேண்டும் என்று. பலர் அறிக்கையை அனுமதிக்கான தாளாக மட்டும் பார்த்து, நிபந்தனையைக் கொத்தனாரிடம் காட்டுவதேயில்லை. பிறகு அனுமதித்த இரண்டு மாடி நாலாகிறது. 2020 செப்டெம்பரில் கண்டி பூவெலிகடையில் ஐந்துமாடிக் கட்டடம் ஒன்று கீழே இருந்த வீட்டின் மேல் சரிந்து, ஒன்றரை மாதக் குழந்தையும் பெற்றோரும் இறந்தார்கள். சரிவில் ஒருவரின் கட்டடம் ஒருவரோடு நிற்பதில்லை.

மழை எச்சரிக்கைக்கும் எண்கள் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை இவை. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயார். 150ஐத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்திலேயே 75 விழுந்தாலோ வெளியேற வேண்டும். அளக்கக் கருவி இல்லாதவர்கள் மலையைப் பார்க்கலாம்: தரையில் புது வெடிப்பு, திடீரென்று இறுகும் கதவு, சாயும் மின்கம்பமும் மரமும், கலங்கி வரும் ஊற்று. எப்போதும் வரும் ஊற்று மழைக்குள் நின்றுவிட்டால் அது இன்னும் மோசம், தண்ணீர் உள்ளே எங்கோ தேங்குகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று.

மேல்மலையைக் காப்பதற்கும் ஒரு முயற்சி நடந்தது. 2010 பெப்ரவரியில் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஹந்தானையைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தினார்கள். ஆனால் காட்டின் வேலையை மேல்சரிவில் நட்ட பைன் முழுவதும் செய்யாது. அதன் ஊசியிலைப் படுக்கையில் கீழ்ச்செடி அரிது, வரட்சியில் தீயும் எளிதில் பிடிக்கும். மானாப்புல்லில் யாரோ வைக்கும் தீ அங்கிருந்து ஏறும். எரிந்த சரிவு அடுத்த மழைக்குத் திறந்தே கிடக்கும். பக்கத்திலேயே துனுமடலாவைக் காடு இருக்கிறது. கைவிடப்பட்ட பழைய தோட்டத்தை நகரசபை நீரேந்து நிலமாக வைத்துக்கொண்டதால் தானே மீண்ட காடு அது. பைன் தோப்புகளுக்குள் உள்ளூர் மரங்களை இடைநட்டு ஹந்தானையையும் அந்த நிலைக்குக் கொண்டுபோக முடியும்.

கீழ்மலையில் தடை வேறுவிதமானது. மலையிலிருந்து நகரத்துக்கு இறங்கும் ஒரு பெரிய கான் தோட்டக் காணியில் தொடங்கி, லயத்தைத் தாண்டி, வீடமைப்புத் திட்டத்துக்குள் நுழைந்து, மாநகர சபை வீதியைக் கடந்து மெத எலவில் விழுகிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டத்துக்குள் இருக்கும் வீதிக்கும் கானுக்கும் சபைப் பணத்தைச் செலவிட முடியாமல் இருந்தது. 2018இல்தான் திருத்தம் வந்து அந்தத் தடை நீங்கியது. முப்பது ஆண்டுகள் கானின் மேல்பாதிக்குப் பொறுப்பாளி தோட்டம், தோட்டத்திடம் காசில்லை. கீழ்பாதியை எவ்வளவு துப்புரவாக்கினாலும் மேலிருந்து வரும் வண்டல் ஒரு மழையில் நிரப்பியது.

லயக் குடும்பங்களுக்குக் காணி உறுதி கிடைப்பதும் இந்த வேலையோடு சேர்ந்தது. மலையகத்தில் 2015க்குப் பின் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி தனிவீடு என்ற திட்டம் வந்தது. பிறகு 10 பேர்ச் என்றார்கள். ஹந்தானை போன்ற நகரோரத் தோட்டத்தில் காணியின் சந்தை விலை உயர உயர, அந்தப் பத்துப் பேர்ச்சை நல்ல இடத்தில் ஒதுக்கத் தயக்கமும் கூடுகிறது. பள்ளத்தில், பழைய கானின் மேல், தேயிலைக்கும் விடுதிக்கும் உதவாத துண்டை அளந்து கொடுத்தால் பழைய லயத்தின் தவறு புது வீட்டிலும் தொடரும். காணி ஒதுக்குமுன் அபாய மதிப்பீடு செய்து, மலைமுதுகிலுள்ள கெட்டி நிலத்தில் இடம் கொடுக்க வேண்டும். கான் எங்கே ஓடியது, எந்த மழையில் எங்கே உடைத்தது என்று அறிந்தவர்கள் அந்த லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு மலையில் நடந்து கான்களை வரைபடத்தில் ஏற்றுவதும், ஒக்டோபர் மழைக்கு முன்னே சபையும் தோட்டமும் சேர்ந்து அவற்றைத் துப்புரவாக்குவதும் ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில் முடிக்கக்கூடிய வேலை.